முப்பத்தைந்தாவது நிமிஷம்

"சித்தி, இது ட்ரோனா, இல்ல காலை மடக்கிக்கிட்டுச் செத்துப்போன சிலந்தியா?"

ஸ்டெப்னி கேட்டதை சித்தி காதில் வாங்கவில்லை. காவல் நிலையத்தின் பின்கட்டில், கால் ஆடுகிற மேசை ஒன்றின் மேல், பழைய செய்தித்தாளை விரித்து அதைப் போட்டிருந்தார்கள். நான்கு கைகளில் இரண்டு உருகி வழிந்து இறுகியிருந்தன. காமரா இருந்த இடத்தில் ஒரு கரி உருண்டை. வயிற்றில் மட்டும் பேட்டரி இன்னும் செருகியபடியே இருந்தது. அதன் மேலோடு கருகிச் சுருங்கி, ஒரு மூலையில் பிளந்து போயிருந்தது.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். மூணு போயிடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். அவருடைய கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மணி ஒன்றே முக்கால். ஐந்து மணிக்கு அந்த ட்ரோனை ஓட்டியவனை நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். அங்கே போய்விட்டால் ஆள் சிறைக்குப் போவான், வழக்கு தன் பாட்டுக்குப் போகும், யார் கையிலும் நிற்காது.

சித்தி இருபத்தாறு வருஷம் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டவள். தராசு பழுதான நாட்களில் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லுவாள். கொஞ்சம் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுவாள். அந்த இரண்டாவது பழக்கம்தான் ஓய்வு பெற்ற பிறகு அவளைத் துப்பறிகிற தொழிலில் கொண்டுவந்து விட்டது. ஸ்டெப்னி அவளுடைய அக்கா மகன். முப்பத்து நாலு வயது. எந்த வேலையிலும் நிலைக்காமல், வேலைக்கு யார் வராவிட்டாலும் அந்த ஆளின் இடத்தில் ஓடி ஓடியே இந்தப் பெயரை வாங்கியவன். சித்தியிடம் மட்டும்தான் நாலு வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறான்.

"நடந்ததை ஒரு தடவை சொல்லிடுங்க சார்" என்றாள் சித்தி.

இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினார். "செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கல்குவாரியில ட்ரோன் விட்டு, வெட்டுன குவியலைப் படம் புடிப்பாங்க. நேத்தும் அப்படித்தான். பத்தரைக்குச் சங்கு ஊதி, கல்லுடைக்கிற கிரஷரை நிறுத்துனாங்க. ட்ரோன் ஏறுச்சு. இதை நாப்பது பேர் சொல்றாங்க. பதினொண்ணு அஞ்சுக்குப் பக்கத்து மெத்தைக் கிடங்கு எரியுதுன்னு தீயணைப்புக்கு போன். நடுவுல முப்பத்தஞ்சு நிமிஷம். இந்த பேட்டரி தாங்குறது இருபது நிமிஷம், மேலேயே அச்சடிச்சிருக்கான். உங்க ஆளு என்ன சொல்றான்? ஒரே தடவைதான் ஏத்துனேன், மேல இருக்கும்போதே கிடங்குல புகையைப் பாத்தேன், உள்ள யாரும் மாட்டிக்கிட்டாங்களான்னு பாக்கத் தாழ எறக்குனேன், விழுந்துடுச்சுங்கறான். மிச்ச பதினஞ்சு நிமிஷம் அது எதுல நின்னுச்சு? கயித்துல கட்டித் தொங்க விட்டானா?"

"அப்ப எறக்கி, வேற பேட்டரி போட்டு, ரெண்டாவது தடவை ஏத்தியிருக்கான்ங்கறீங்க."

"நான் சொல்லல. கிடங்கு இடத்துக்குச் சொந்தக்காரர் சொல்றார். பத்து அம்பதுக்கு எறங்குனதைக் கண்ணால பாத்தார். திரும்ப ஏறுனதைப் பாத்தார். கூரையில விழுந்து வெடிச்சதையும் பாத்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்."

"ரெண்டு வருஷமா மெத்தைக்காரரைக் காலி பண்ணச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்தாரே, அவர்தானே?" என்றான் ஸ்டெப்னி. "இப்ப கிடங்கே காலி. மனுஷனுக்கு மச்சம்."

இன்ஸ்பெக்டர் அவனை முறைத்தார். "கிடங்குக் காவல்காரர் முகமெல்லாம் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில கிடக்கார். இதுல உனக்கு விளையாட்டா? ஒரு விஷயத்துல பொய் சொல்றவன் மத்ததுல நிஜம் சொல்வான்னு எந்த ஜட்ஜ் நம்புவார்? அவனோட ரிமோட்டைப் பாத்தா தெரிஞ்சிருக்கும். அதைக் கூட்டம் புடுங்கி மிதிச்சுத் தூளாக்கிடுச்சு."

"இப்ப அந்தத் தம்பி என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. நேத்து சாயங்காலம் வரைக்கும் தொண்டை கிழியக் கத்துனான். இந்தச் சாமானைக் கொண்டாந்து காட்டுனதுலேருந்து வாயைத் தைச்ச மாதிரி உக்காந்திருக்கான்."

சித்தி புருவத்தை உயர்த்தினாள். பிறகு பேட்டரியை மட்டும் உருவி, உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டெப்னி இந்த முகத்தை நூறு தடவை பார்த்திருக்கிறான். இது வந்துவிட்டால் அவனுக்குக் கால் தரையில் பாவாது.

"சார், இதோட எடையும் அச்சடிச்சிருக்கா?"

இன்ஸ்பெக்டர் கருகாத மூலையைத் துடைத்துப் படித்துச் சொன்னார்.

"எரிஞ்ச பொருள் எடை குறையணும். இது கூடியிருக்கு" என்று சித்தி அதை வைத்தாள். "நெருப்புல போட்டா கனக்குற சாமானை நான் இன்னும் பாத்ததில்ல. டேய், வண்டியை எடு."

---

ட்ரோன்காரனின் மனைவிதான் அவர்களை அமர்த்தியவள். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கட்டில், அதற்கு அடியில் பெட்டிகள், ஜன்னலோரம் அடுப்பு. கதவுக்குப் பின்னால் ஆணியில் விரிசல் விட்ட ஹெல்மெட் ஒன்றும் நீலக் கோட்டு ஒன்றும் தொங்கின. அந்தப் பெண் நிற்கவில்லை, உட்காரவும் இல்லை. ஒரே துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"விடுவாங்களா அக்கா?"

"விடுறதுக்குத்தான் வந்திருக்கோம். அவரோட பேட்டரிப் பெட்டி எங்கம்மா?"

துண்டு ஒரு கணம் நின்றது. "அது எதுக்கு அக்கா?"

"சும்மாதான். சித்திக்கு எதையாவது தூக்கலேன்னா கை அரிக்கும்" என்றான் ஸ்டெப்னி.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது. நான்கு குழிகள். நேற்றுப் போனது ஒன்று, மிச்சம் மூன்று. எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு, ஒரே அளவு. சித்தி முதலாவதைத் தூக்கினாள், வைத்தாள். இரண்டாவதைத் தூக்கினாள், வைத்தாள். மூன்றாவதைத் தூக்கியவள் வைக்கவில்லை. அந்தக் கையை மட்டும் மேலும் கீழும் இரண்டு தடவை அசைத்தாள்.

"இதை எடுத்துட்டுப் போறேன்."

"அதைவிட இது புதுசு அக்கா, இதை எடுத்துக்கங்களேன்" என்று அந்தப் பெண் அவசரமாக முதலாவதை நீட்டினாள்.

"புதுசா பழசான்னு யாரும் கேக்கலியேம்மா" என்றாள் சித்தி. குரலில் கோபம் இல்லை. சித்தி கோபமில்லாமல் பேசினால் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்கிறது என்று அர்த்தம்.

---

போன் ரிப்பேர் செய்கிற ஆளை அந்தத் தெருவில் எல்லாரும் சால்டரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய கடை. சித்தி உள்ளே போனாள், ஸ்டெப்னி வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டினான்.

"அண்ணே, சீக்கிரம். மணி ரெண்டே கால்."

"உன் அவசரத்துக்கு இதை நான் திறந்தா நாம மூணு பேரும் சேர்ந்து மேல பறக்க வேண்டியதுதான், ட்ரோன் தேவையில்ல" என்றார் சால்டரிங். ஓட்டின் இணைப்பில் மெல்லிய தகடு ஒன்றைவிட்டு, ஆப்பிள் தோலைச் சீவுகிற மாதிரி நிதானமாக ஓட்டிக்கொண்டே போனார். ஓடு இரண்டாகக் கழன்றது. அவர் உதட்டைப் பிதுக்கி விசிலடித்தார்.

"என்ன?"

"ஓடுதான் ட்ரோன் கம்பெனியோடது. உள்ள இருக்குறது வேற. இதுல தட்டை தட்டையா மெத்தை மாதிரி செல் இருக்கணும். இங்க பாருங்க, உருளை உருளையா அடுக்கியிருக்கு. எடை கொஞ்சம் கூடும், ஆனா ரொம்ப நேரம் நிக்கும். இருபது நிமிஷம் போற இடத்துல முப்பத்தஞ்சு, நாப்பது கூடப் போகும்."

ஸ்டெப்னியின் தலை முழுதாகக் கடைக்குள் வந்துவிட்டது. "அப்ப ஒரே தடவைதான் ஏத்தியிருக்கான். நிஜத்தைத்தான் சொல்லியிருக்கான்."

"குதிக்காத" என்றாள் சித்தி. "யாரு கட்டுனதுன்னு சொல்ல முடியுமா?"

"கடைக்காரன் கட்டுனது இல்லம்மா. நாங்க கட்டுனா எங்க அசிங்கத்தை டேப்பைச் சுத்தி மறைச்சிடுவோம். இது பேட்டரி கம்பெனியில வேலை பாத்துப் பழகுன கை." விளக்கைத் தாழ்த்திக் காட்டினார். செல்லும் செல்லும் சேர்கிற ஒவ்வொரு இணைப்பின் மேலும் கடுகளவு சிவப்புப் பொட்டு. பதினெட்டு இணைப்பு, பதினெட்டுப் பொட்டு. ஒன்றுகூட ஓரத்தில் ஒழுகவில்லை. "வரிசையில உக்காந்து வேலை பாக்குறவங்க ஒரு இணைப்பை இழுத்துப் பாத்து, சரியா இருந்தா இப்படி ஒரு பொட்டு வெச்சு அடுத்த ஆளுக்குத் தள்ளுவாங்க. பொட்டு இல்லாத சாமானை அடுத்த ஆள் தொட மாட்டா. பத்து வருஷம் பண்ணா கை தானா வைக்கும், வீட்டுல வெச்சுக் கட்டுனாலும் சரி. கம்பெனியில பச்சை மை. இது நகப்பூச்சு."

"தப்புப் பண்ற கையா இருந்தா யாரு பாத்தாங்கன்னு விட்டிருக்குமே" என்றாள் சித்தி மெதுவாக. "இது சரியாப் பண்ணணும்னு பண்ணது. இங்க பேட்டரி கட்டுற கம்பெனி எது?"

"ஒண்ணே ஒண்ணுதான். எமர்ஜென்சி லைட் கம்பெனி. முழுக்கப் பொம்பளைங்க."

ஸ்டெப்னிக்கு அந்தப் பெண்ணின் அறை ஞாபகத்துக்கு வந்தது. கதவுக்குப் பின்னால், ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய நீலக் கோட்டின் பையில் சின்னதாக ஒரு பல்பு படம் தைத்திருந்தது.

"சித்தி, நம்மளை வேலைக்கு வெச்சதே அந்தப் பொண்ணுதானே."

"அதான் எனக்கும் குழப்பம்" என்று சித்தி எழுந்தாள். "அண்ணே, இந்த ட்ரோன் மாதிரியே உங்ககிட்ட ரிப்பேருக்கு வந்தது ஏதாச்சும் இருக்கா?"

"கல்யாண வீடியோக்காரனோடது ஒண்ணு இருக்கு. ரெக்கை மாத்தி வெச்சிருக்கேன்."

"எடுத்துக்கிட்டு மூணே முக்காலுக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. இதையும் மூடி எடுத்துக்கிட்டு வாங்க."

"போலீஸ் ஸ்டேஷனுக்கா? நானா?"

"வாங்கண்ணே. உங்களுக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன்" என்றான் ஸ்டெப்னி. "என்னைப் பாத்த பிறகு யாரும் உங்க மேல சந்தேகப்பட மாட்டாங்க."

---

ட்ரோன்காரனின் மனைவி அறையில் இல்லை. இரண்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ கிளம்பி, பாதியில் கால் வராமல் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"ரெண்டு கட்டுனேன் அக்கா. புதுசு வாங்குனேன்னு சொல்லி வெச்சேன். அவருக்குத் தெரியாது."

"ஏன் கட்டுன?"

"தள்ளி நின்னா, இருபது நிமிஷத்துல போக வர ஆறு நிமிஷம் ஓடிடுது. அதனால குவாரி விளிம்புலயே நின்னுதான் பறக்க விடுவாரு. போன மாசம் நின்ன இடம் சரிஞ்சுது. செடியைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கியிருக்காரு. தலையில கல்லு. ஹெல்மெட் பொளந்து போச்சு. என்கிட்ட, வண்டியில இருந்து விழுந்தேன்னாரு. கூட வேலை பாக்குறவங்க சொல்லித்தான் தெரியும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நேரம் கூட இருந்தா ரோட்டு மேல தண்ணித் தொட்டிகிட்டயே நின்னுக்கலாம். நேத்துதான் மொத மொத அங்க நின்னாரு. காலையில நான்தான் சொன்னேன், புது பேட்டரி ரொம்ப நேரம் வருதாம், தள்ளி நில்லுங்கன்னு."

"அதான் அவர் எறக்குனாரா ஏத்துனாரான்னு குவாரி ஆளுங்க யாருக்கும் தெரியல" என்றான் ஸ்டெப்னி. கேலி செய்ய ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படி அக்கா சொல்றது? நான் கட்டுனதுதான் வெடிச்சுதுன்னா? அந்தக் காவல்காரர் மூஞ்சியை நான்தானே பொசுக்கியிருக்கேன்? பேட்டரியைத் தொடாம நீங்க வேற வழியில அவரைக் காப்பாத்திடுவீங்கன்னு நினைச்சேன்."

சித்தி ஒரு படி கீழே உட்கார்ந்தாள். அவசரமான நாளில் அவள் உட்கார்ந்து ஸ்டெப்னி பார்த்ததில்லை.

"கேளும்மா. எரிஞ்ச பேட்டரியை இன்னும் யாரும் திறக்கல. வெடிச்சிருந்தா உள்ளேயிருந்துதான் வெந்திருக்கும், உன் பொட்டுதான் மொதல்ல போயிருக்கும். வெளியில இருந்து நெருப்புப் பட்டிருந்தா ஓடு கருகும், உள்ள பொட்டு அப்படியே இருக்கும். எதுன்னு எனக்கும் தெரியாது. கையால தூக்கிப் பாத்து அதைச் சொல்ல முடியாது. திறந்து பொட்டு இருந்தா அவர் வெளிய வருவார். இல்லேன்னா நீ உள்ள போவ. திறக்கச் சொல்லவா, வேணாமா?"

கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியில் சூடு பட்டுச் சூடு பட்டுத் தடித்திருந்தது.

"இழுத்துப் பாக்காம நான் ஒரு பொட்டும் வெச்சதில்ல" என்றாள். "திறங்க."

---

காவல் நிலையத்தின் முற்றத்தில், நீதிமன்றத்துக்குப் போகிற வேன் தயாராக நின்றது. கிடங்கின் இடத்துக்காரர் முன்னாலேயே வந்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஸ்டெப்னி அவருக்கு வணக்கம் வைத்தான். அவர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை.

ட்ரோன்காரனை வெளியே கொண்டுவந்தார்கள். ஒல்லியான ஆள், கன்னத்தில் நேற்றுக் கூட்டம் அடித்த வீக்கம். மனைவியைப் பார்த்ததும் அவன் தலை வேகமாக இடவலமாக ஆடியது.

"சார், அது கம்பெனி பேட்டரிதான்" என்றான். இருபது மணி நேரத்துக்குப் பிறகு அவன் திறந்த வாய் அது. "நான்தான் ரெண்டு தடவை ஏத்துனேன். எழுதிக்கங்க."

"இல்ல சார். நான் கட்டுனது" என்றாள் அவள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, வீட்டுக்குப் போ."

"தெரியாமத்தான் ராத்திரி ராத்திரி உக்காந்து கட்டுனேனா?"

"வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க" என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் அவர் கண் கடிகாரத்தை விட்டுவிட்டு, முதல் தடவையாக சித்தியின் பக்கம் வந்திருந்தது. "என்னம்மா இது?"

சித்தி இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். சால்டரிங் கருகிய பேட்டரியை மேசையில் வைத்து, தகட்டை விட்டார். மேலோடு பொருக்காக உதிர்ந்தது. அதற்குக் கீழே ஒரு புறத்து டேப் உருகியிருந்தது. ஸ்டெப்னி எட்டிப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினான். மறுபடி பார்த்தான்.

சிவப்புப் பொட்டு. ஒன்று. பக்கத்தில் ஒன்று. ஓரத்து வரிசையில் நாலு கருத்துப் போயிருந்தன. மற்றதெல்லாம் நேற்று வைத்த மாதிரி.

"பதினாலு" என்று அவள் எண்ணி முடித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெருப்பு இதுக்குள்ளேயிருந்து வரல சார்" என்றாள் சித்தி. "இதுதான் நெருப்புக்குள்ள போயிருக்கு."

இடத்துக்காரர் சிரித்தார். "நல்லா இருக்கும்மா கதை. நகப்பூச்சை வெச்சுக் கேஸை முடிக்கிறீங்க. சார், இருபது நிமிஷ சாமான் முப்பத்தஞ்சு நிமிஷம் நிக்குமா? அதைச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டோம், காட்டுவோம்" என்றான் ஸ்டெப்னி.

நாலு மணிக்குக் கல்யாண வீடியோக்காரனின் ட்ரோன் ஏறியது. வீட்டிலிருந்து எடுத்து வந்த மூன்றாவது பேட்டரி அதன் வயிற்றில். ஓட்டியது சால்டரிங். முற்றத்தின் நடுவில், கொடிக்கம்ப உயரத்தில் அது வந்து நின்றது. குளவிக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரிச் சத்தம். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஸ்டெப்னி முற்றத்தை நீளவாக்கில் நடந்தான், பிறகு குறுக்குவாக்கில் நடந்தான். வேன் டிரைவர் என்ஜினைப் போட்டார், இன்ஸ்பெக்டர் கையைக் காட்டியதும் அணைத்தார். பதினைந்து. அந்தப் பெண் ட்ரோனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாவது நிமிஷம் இடத்துக்காரர் எழுந்து நின்றார். "இப்ப எறங்கிடும் பாருங்க" என்றார்.

இருபது. இருபத்தொன்று. அது நின்ற இடத்திலேயே நின்றது. இருபத்து மூன்று. சாவிக்கொத்து சுழல்வது நின்றுபோனது. அவர் உட்காரவும் இல்லை.

இருபத்தேழாவது நிமிஷம் இன்ஸ்பெக்டர் காகிதம் ஒன்றை எடுத்து நிதானமாகப் பிரித்தார். "பத்து அம்பதுக்கு ட்ரோன் எறங்குனதை என் கண்ணால் பார்த்தேன். உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். அதாவது... தூரத்துல சார். கண்ணுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சத்தம் நின்னுச்சு. எப்பவும் பத்து அம்பதுக்கு நின்னுடும். நேத்தும் நின்னுச்சு. நின்னா எறங்கிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"எறங்கல" என்றான் ட்ரோன்காரன். "பேட்டரி மிச்சம் இருந்துச்சு. அதனால குழிக்குள்ள விட்டு அடிக் குவியலைப் படம் புடிச்சேன். உள்ள போனா சத்தம் வெளிய கேக்காது. பதினோரு மணிக்கு மேல கொண்டாந்தேன். அப்பவே புகை."

தலைக்கு மேல் குளவிச் சத்தம் ஓயவில்லை. சித்தி இடத்துக்காரரின் பக்கத்தில் போய் நின்றாள். பார்சல் கவுண்டரில் விலாசம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"ஐயா, குவாரிக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த ட்ரோன் சத்தம் எப்ப நிக்கும்னு நீங்க ஏன் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவர் சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மேலேயிருந்து பாக்குற கண்ணு அது ஒண்ணுதான்" என்றாள் சித்தி. "வாராவாரம் கேட்டுக் கேட்டு, இருபது நிமிஷத்துல அது மூடிடும்னு உங்களுக்கு மனப்பாடம். மூடுச்சுன்னு நம்பித்தான் வத்திக்குச்சியை எடுத்தீங்க. இந்தப் பொண்ணு அதுக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் கொடுத்திருந்தது உங்களுக்குத் தெரியல. அது வந்து உங்க நெருப்புலயே விழுந்ததும் உங்களுக்கு ஒரே சந்தோஷம், பழி போட ஆள் கிடைச்சுதுன்னு. ஆனா இருபது நிமிஷ சாமானை பதினொண்ணு அஞ்சுக்கு விழ வைக்கணும்னா, ஒருக்கா எறக்கி ஏத்தியாகணும். அதனாலதான் பாக்காததைப் பாத்தேன்னு எழுதினீங்க."

"நான் வக்கீலைக் கூப்பிடணும்" என்றார் இடத்துக்காரர்.

"கூப்பிடலாம். ஆனா வெளிய போய் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். வாசலில் நின்ற காவலரிடம் கண்ணைக் காட்டினார். இரும்புக் கதவு சாத்தப்பட்டது. வேன் டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறங்கி நின்றார்.

ட்ரோன்காரனின் கையைப் பிடித்திருந்த காவலர், யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார். அவன் மனைவியின் பக்கத்தில் வந்தான். தொடவில்லை.

"நேத்து சாமானைக் காட்டுனப்ப உள்ள பொட்டைப் பாத்ததுமே, நீ கட்டுனதுன்னு தெரிஞ்சு போச்சு. ஓடு ஒரு மூலையில பிளந்திருந்துச்சு" என்றான். "நம்ம வீட்டு சிலிண்டர் குழாயில கூட நீ இப்படித்தானே வெச்சிருக்க."

"புகைக்குள்ள ஏன் விட்டீங்க?"

"உள்ள ஆள் நடமாடுன மாதிரி இருந்துச்சு. ஜன்னல் வரைக்கும் எறக்குனேன். அனல் அடிச்சுது. உடனே மேல இழுத்தேன். முழுசா இழுத்தேன், ஏறல. அப்படியே உக்காந்துடுச்சு. எனக்கு அதுதான் புரியல."

அவள் முகத்தில் அப்போதுதான் வந்திருந்த ரத்தம் மறுபடி வடிந்தது. ஸ்டெப்னிக்குப் புரிந்தது, அது ஏன் ஏறவில்லை என்று அவளுக்குத் தெரியும், அவள் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று. சித்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மேசைக்குப் போனாள். "சார், இன்னொண்ணு எழுதிக்கணும்."

"அதான் முடிஞ்சுதேம்மா. அவனை அனுப்பிடுறேன். நீ ஒரு வாக்குமூலம் கொடுக்கணும், கேக்காம பேட்டரியை மாத்துனதுக்கு அபராதம் கட்டச் சொல்வாங்க, அவ்வளவுதான்."

"அது இல்ல சார். நான் போட்ட செல்லு ரொம்ப நேரம் வரும், ஆனா திடீர்னு நிறையக் கரண்டு கேட்டா அள்ளிக் கொடுக்காது. அது தெரிஞ்சுதான் போட்டேன். அவருக்குச் சொல்லல. சொல்லியிருந்தா அவ்வளவு தாழ எறக்கியிருக்க மாட்டாரு. அது விழுந்தது என்னால. எழுதிக்கங்க."

"இதை நீ சொல்லணும்னு அவசியமே இல்ல. நெருப்பு வெச்சவன் அவன்."

"நெருப்பு அவன் வெச்சது. பேட்டரி நான் கட்டுனது."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ட்ரோன்காரன் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டான். அவள் உட்கார்ந்ததும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏங்க" என்று முற்றத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் பரிதாபமாக வந்தது. சால்டரிங்தான். கழுத்தை அண்ணாந்து வைத்தே மரத்துப்போயிருந்தது. "எல்லாரும் என்னை மறந்துட்டீங்க. நாப்பத்தோரு நிமிஷம் ஆச்சு. இப்பவாச்சும் எறக்கட்டுமா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"மெதுவா" என்றார்கள் இரண்டு பேரும்.